தலையில்லாச் சேவகன்



உத்தியோகத்தின் பொருட்டோ வாணிபத்தின் பொருட்டோ தமிழகத்தை விட்டு வந்து, தில்லியிலும் மும்பையிலும் போபாலிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய குடும்பங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வீடு மாறும்போதெல்லாம் தட்டுமுட்டுச் சாமான்களில் பாதியை வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். ஆனால் ஒரு தகரப் பெட்டியை மட்டும் எங்கே போனாலும் உடன் கொண்டு செல்வார்கள். தாத்தாவின் கல்யாணப் படம், ஜாதகக் கட்டு, நிலப் பத்திரத்தின் நகல், ஊரிலிருந்து வந்த கடிதங்கள் ஆகியவை அதில் இருக்கும். அந்தப் பெட்டியில் இருந்தவற்றின் இக்கால வடிவங்கள் இன்று கைப்பேசிகளில் சிதறிக் கிடக்கின்றன. பாட்டி தாலாட்டுப் பாடிய ஒலிப்பதிவு மகளின் பேசியில். கிருஹப்பிரவேசத்துப் படங்கள் மருமகனின் பேசியில். தந்தையாரின் ஓய்வூதிய ஆணை எந்தப் பேசியில் என்பது ஒருவருக்கும் தெரியாது. ஒரு பேசி தண்ணீரில் விழுந்தால் ஒரு தலைமுறையின் குரலே மூழ்கிவிடும்.

இதற்குப் பரிகாரமாகப் பெரிய நிறுவனங்கள் தங்கள் கிடங்குகளில் இடம் தருகின்றன. அது நல்ல வசதிதான். அதனை நான் குறை கூற வரவில்லை. ஆயினும் அது வாடகை வீடு. கூகிள் நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் புகைப்படங்களை, தரத்தைச் சற்றுக் குறைத்துக்கொண்டு, அளவின்றி இலவசமாகச் சேமிக்க இடம் அளித்தது. 2021-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதியிலிருந்து புதிய படங்களை 15 ஜிகாபைட் வரம்புக்குள் கணக்கிடத் தொடங்கியது. வாடகை வீட்டில் நிபந்தனையை மாற்றும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு. சொந்தமாக ஒரு சிறு குடிசையாவது இருந்தால் நல்லது என்று நினைப்பவர்களுக்காகவே இன்று நான் பேசுகிறேன். அந்தக் குடிசைக்குத்தான் ஆங்கிலத்தில் 'ஹோம் சர்வர்' என்று பெயர்.

'சர்வர்' என்னும் சொல் நமக்குப் புதிதன்று. 1964-ஆம் ஆண்டில் நாகேஷ் நடித்து வெளிவந்த 'சர்வர் சுந்தரம்' படத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கணிப்பொறித் துறையில் இச்சொல்லை 'வழங்கி' என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு அந்தச் சொல்லில் மனக்குறை ஏதுமில்லை. இருப்பினும், உணவு விடுதிச் சர்வரை மனத்தில் கொண்டால் விஷயம் எளிதில் விளங்கும். அவர் தாமாக எதையும் கொண்டுவந்து வைப்பதில்லை. கேட்பவருக்குக் கேட்டதைக் கொணர்ந்து தருகிறார். கேட்பவர் வரும்வரை நின்றுகொண்டே இருக்கிறார். வீட்டுச் சர்வரும் அவ்வாறே இரவும் பகலும் விழித்திருந்து, எந்தப் பேசியிலிருந்து எந்தப் படத்தைக் கேட்டாலும் எடுத்துத் தரும். புதிதாகக் கொடுத்தால் வாங்கி அடுக்கி வைக்கும்.

இப்பணியைச் செய்ய அதற்கு முகம் வேண்டுவதில்லை. திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவை எல்லாம் நம்மோடு நேருக்கு நேர் உரையாடுவதற்காகக் கணிப்பொறிக்கு அமைந்த தலை என்று கொள்ளலாம். அவற்றை நீக்கிவிட்டு, மின்சாரக் கம்பியும் வலையிணைப்பும் மட்டும் கொடுத்து ஒரு மூலையில் வைத்துவிட்டால் அதுவே தலையில்லாக் கணிப்பொறி. இராமாயணத்தில் வரும் கவந்தனை நினைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கும் தலையில்லை, கைகள் மட்டும் காதவழி நீளும். கைக்கு அகப்பட்டதையெல்லாம் அவன் வயிற்றில் போட்டுக்கொண்டான். நமது கவந்தனோ வாங்கியதைத் திருப்பித் தருவான்.

இதற்கு ஏற்ற பொறிகள் பல. எல்லாராலும் அறியப்பட்டது 'ராஸ்ப்பெரி பை' என்பது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி இயல் பயில வரும் மாணவர்களிடம் பொறியோடு நேரில் பழகிய அனுபவம் குறைந்து வருவதை எபென் அப்டன் என்பவரும் அவருடைய சகாக்களும் கண்டார்கள். பிள்ளைகள் அஞ்சாமல் பிரித்துப் பார்க்கக்கூடிய மலிவான கணிப்பொறி ஒன்று வேண்டும் என்று கருதி அவர்கள் செய்த பலகைதான் இது. 2012-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் தேதி விற்பனைக்கு வந்தது. அன்று அறிவித்த விலை 35 டாலர். பிள்ளைகளுக்கென்று செய்த பொருளைப் பெரியவர்கள் வீட்டுச் சேவகனாக்கிக்கொண்டார்கள். அதன் வழக்கமான வடிவம் ஏறக்குறைய எட்டரை சென்டிமீட்டர் நீளமும் ஐந்தரை சென்டிமீட்டர் அகலமும் உடையது. சட்டைப் பையில் அடங்கிவிடும். 2019-இல் வந்த நான்காம் பதிப்பும் 2023-இல் வந்த ஐந்தாம் பதிப்பும் நமது வேலைக்குத் தாராளமாகப் போதும். நினைவகம் 4 ஜிகாபைட் இருந்தால் சரி. முகங்களை அடையாளம் கண்டு படங்களை வகைப்படுத்தும் 'இம்மிச்' போன்ற நிரல்களை ஓட்ட விரும்புவோர் 8 ஜிகாபைட் வாங்குதல் நலம்.

மின்சாரச் செலவைப் பற்றிப் பலர் அஞ்சுகிறார்கள். சராசரியாக 5 வாட் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 120 வாட்-மணி; முப்பது நாளைக்கு 3.6 யூனிட். மேசைக் கணிப்பொறி ஒன்று 60 வாட் வீதம் இடைவிடாது எரிந்தால் 43 யூனிட்டுக்கு மேல் ஆகும். எனினும் வீட்டில் பழைய மடிக்கணிப்பொறி ஒன்று சும்மா கிடக்குமாயின் புதிதாகப் பலகை வாங்கவேண்டிய அவசியம் இல்லை என்பதே என் கருத்து. அதன் மூடியைச் சாத்தி வைத்தால் அதுவும் தலையில்லாததே. மின்வெட்டின்போது அதன் மின்கலம் சற்று நேரம் தாங்கும் என்பது கூடுதல் லாபம்.

இனி, தலையில்லாதவனுக்கு முதல் கட்டளையைச் சொல்வது எவ்வாறு? காதும் கண்ணும் இல்லாதவனிடம் பேச்சைத் தொடங்குவது எப்படி என்னும் இக்கேள்விதான் புதியவர்களைத் திகைக்கச் செய்கிறது. அவன் பிறப்பதற்கு முன்பே சொல்லிவிடவேண்டும் என்பதே விடை. ராஸ்ப்பெரி பை தனது இயக்கமுறைமையை நகமளவான ஒரு நினைவட்டையிலிருந்து படித்துக்கொள்கிறது. அந்த அட்டையை நம் வழக்கமான கணிப்பொறியில் செருகி, 'இமேஜர்' என்னும் இலவச நிரலால் எழுதுகிறோம். 'லைட்' என்று பெயரிட்ட பதிப்பைத் தேர்ந்தெடுக்கவேண்டும். திரையே இல்லாதபோது திரைக்கான அலங்காரங்கள் எதற்கு? எழுதுவதற்கு முன் அந்நிரல் சில விவரங்களைக் கேட்கும். பொறிக்கு ஒரு பெயர், பயனருக்கு ஒரு பெயர், கடவுச்சொல், வீட்டு வைஃபையின் பெயரும் அதன் கடவுச்சொல்லும், நாடு இந்தியா என்பது, கடைசியாக, எஸ்.எஸ்.எச். என்னும் தொலைவாயிலைத் திறந்து வைக்கலாமா என்பது. இக்கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்னாவிடில் பொறி உயிர்பெற்றும் ஊமையாகவே இருக்கும்.

எஸ்.எஸ்.எச். என்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 1995-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ ஒளிந்திருந்து கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டார்கள். அக்காலத்தில் தொலைவிலிருந்து கணிப்பொறியை இயக்குவோர் கடவுச்சொல்லை அஞ்சலட்டையில் எழுதி அனுப்புவதுபோலத் திறந்தபடியே அனுப்பிவந்தார்கள். அங்கே ஆய்வாளராயிருந்த டாட்டு யூலோனென், அஞ்சலட்டையை முத்திரையிட்ட உறையாக்கும் முறை ஒன்றை எழுதி வெளியிட்டார். உலகெங்கிலும் பெருங்கூடங்களில் உள்ள கணிப்பொறிகளை இயக்குவோர் இன்றும் அந்த வழியில்தான் நுழைகிறார்கள். நம் வீட்டு மூலையில் இருக்கும் சிறு பலகைக்கும் அதே வாயில்தான்.

அட்டையைப் பலகையில் செருகி மின்சாரம் கொடுத்துச் சில நிமிடங்கள் பொறுத்திருங்கள். முதன்முறை அது தன் வீட்டைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும். பின்னர் உங்கள் கணிப்பொறியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, எஸ்.எஸ்.எச். என்று எழுதி, இடம்விட்டு, பயனர் பெயர், அதனையடுத்து மின்னஞ்சலில் இடுகிற 'அட்' குறி, பொறியின் பெயர், ஒரு புள்ளி, 'லோக்கல்' என்னும் சொல் ஆகியவற்றை ஆங்கில எழுத்துக்களில் இடைவெளியின்றி எழுதுங்கள். அந்தப் பொறியின் அடையாளம் இன்னும் நிச்சயமாகவில்லை, தொடரலாமா என்று ஒரு கேள்வி வரும். இது கண்டு அஞ்சவேண்டாம். புதிதாக வந்த வேலையாளின் கைரேகையைப் பதிந்து வைத்துக்கொள்வதற்கு ஒப்பானது அது. பின்னொரு நாள் அதே பெயரில் வேறு கைரேகை தென்பட்டால் உங்கள் கணிப்பொறி எச்சரிக்கும். அட்டையை நீங்களே புதிதாக எழுதியிருந்தால் எச்சரிக்கைக்குக் காரணம் அதுவே. அவ்வாறு எழுதாதபோது எச்சரிக்கை வந்தால் மேலே செல்லாமல் நின்று விசாரியுங்கள்.

பெயர் சொல்லி அழைத்தும் பதில் வரவில்லை என்றால், வீட்டு ரூட்டரின் பக்கத்தில் இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியல் இருக்கும். அங்கே நம் பொறிக்குக் கிடைத்த எண்ணைக் காணலாம். 192.168 என்று தொடங்கும் எண்ணாகப் பெரும்பாலும் இருக்கும். அந்த எண்ணை அதற்கே நிலையாக ஒதுக்கும்படி ரூட்டரிடம் சொல்லி வைப்பது நல்லது. சிலர் பொறிக்குள்ளேயே எண்ணை நிலைப்படுத்திவிடுகிறார்கள். ஊர் விட்டு ஊர் மாறும் நம் போன்றோர்க்கு அது பொருந்தாது. புது வீட்டு ரூட்டர் வேறு வரிசையில் எண் வழங்கினால் பொறியைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடாகிவிடும்.

கடவுச்சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நெடுங்காலம் ராஸ்ப்பெரி பை அனைத்துக்கும் ஒரே பயனர் பெயர், ஒரே கடவுச்சொல் இருந்து வந்தன. 2016-ஆம் ஆண்டில் 'மிராய்' என்னும் தீய நிரல், ஆலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கண்காணிப்புக் கேமராக்களையும் ரூட்டர்களையும் இலட்சக்கணக்கில் கைப்பற்றி உலகின் பெரிய வலைத்தளங்களையே முடக்கியது. அதே ஆண்டின் இறுதியில் ராஸ்ப்பெரி பையில் எஸ்.எஸ்.எச். வாயில் பிறவியிலேயே சாத்தப்பட்டது. 2022-இல் அந்தப் பொதுப் பெயரும் கடவுச்சொல்லும் அறவே நீக்கப்பட்டன. ஆகையால் பழைய புத்தகம் ஒன்றைப் பார்த்து அந்தப் பெயரில் நுழைய முயல்வோர் ஏமாற்றமடைவர். கடவுச்சொல்லினும் சிறந்தது சாவிமுறை. உங்கள் கணிப்பொறி ஒரு பூட்டையும் அதற்குரிய சாவியையும் சோடியாக உண்டாக்கும். பூட்டைச் சர்வரில் மாட்டுகிறீர்கள்; சாவி உங்களை விட்டுப் பிரிவதே இல்லை.

அடுத்தது பொருள் வைக்கும் இடம். நினைவட்டையில் குடும்பப் படங்களைச் சேர்த்து வைப்பது ஓலைக் குடிசையில் நெல்லைக் கொட்டி வைப்பது போலாகும். அடிக்கடி எழுதி அழிப்பதால் அது தேயும். தனியாக ஒரு யூ.எஸ்.பி. வட்டை இணைத்துக்கொள்ளவேண்டும். நான்காம் பதிப்பில் நான்கு யூ.எஸ்.பி. வாயில்களும் சேர்ந்து தரக்கூடிய மின்னோட்டம் 1.2 ஆம்பியர்தான். எனவே தனி மின்சாரம் பெறும் வட்டாக இருந்தால் கவலையில்லை. இந்த வட்டை வீட்டில் உள்ள எல்லாக் கணிப்பொறிகளுக்கும் பொது அலமாரியாகக் காட்டும் நிரலுக்குச் 'சாம்பா' என்று பெயர். அதனைத் தொடங்கி வைத்தவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல். மாறிய பகுதிகளை மட்டும் கண்டறிந்து நகல் எடுக்கும் 'ஆர்சிங்க்' என்னும் நிரலையும் 1996-இல் அவரே பால் மெக்கெராசுடன் சேர்ந்து வெளியிட்டார். அலமாரி செய்தவரே அதற்குக் காவலும் செய்தார் எனலாம். இரண்டும் எவரும் காசின்றி எடுத்தாளக் கூடியவை.

கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயரிடுங்கள். தாராளமாக இடலாம். ஆனால் ஒரு கணக்கை நினைவில் கொள்ளவேண்டும். லினக்சில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்குள் அடங்கவேண்டும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட். அன்றியும், 'தமிழ்' என்பது நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. யூனிகோடு முறையிலோ தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறியீடுகள், அதாவது பதினைந்து பைட். ஆகவே ஒரு பெயருக்கு 85 குறியீடுகளே இடம் கொள்ளும். தலைப்பிலேயே வரலாறு எழுதும் வழக்கமுடையோர் சற்றுச் சுருக்கிக்கொள்ள வேண்டியதுதான். முதலில் ஆண்டு, பிறகு மாதம், பிறகு தேதி என்று எண்களால் தொடங்கி, அதன்பின் பெயரை எழுதினால் எல்லாம் கால வரிசையில் தாமாகவே நின்றுகொள்ளும்.

வீட்டிற்கு வெளியே இருக்கும்போது இதனை எட்டுவது சற்றுக் கடினம். பெரிய அலுவலகம் ஒன்றில் நூறு பேருக்கு மேசைத் தொலைபேசி இருக்கும். வெளியுலகுக்குத் தெரிந்த எண் ஒன்றே. உள்ளிருந்து வெளியே அழைக்கலாம். வெளியிலிருந்து குறிப்பிட்ட மேசையை நேரே அழைக்க இயலாது. இந்தியாவில் பல இணைய நிறுவனங்களும் ஒரே பொது எண்ணைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. பொது எண் தனியே கிடைத்தவர்களும் சர்வரின் கதவை உலகத்துக்கு நேரே திறந்து வைத்தல் கூடாது. திறந்த சிறிது நேரத்திலேயே தட்டிப் பார்ப்பவர்கள் வந்துவிடுவார்கள். ஜேசன் டோனன்ஃபெல்டு உருவாக்கிய 'வயர்கார்டு' என்னும் சுரங்கப்பாதை முறை 2020-இல் லினக்சின் கருவிலேயே சேர்க்கப்பட்டது. அதனை அடிப்படையாகக் கொண்ட 'டெயில்ஸ்கேல்' போன்ற சேவைகள், இரு முனைகளும் உள்ளிருந்தே அழைத்து இடையில் சந்திக்கும்படி ஏற்பாடு செய்கின்றன. கோயம்புத்தூரில் இருக்கும் மாமாவின் பேசியில் ஒருமுறை இதனை அமைத்துக் கொடுத்துவிட்டால் தில்லி வீட்டு அலமாரியை அவர் அங்கிருந்தே திறந்து பார்க்கலாம்.

வட இந்தியக் கோடையும் மின்வெட்டும் இதற்குப் பகைவர்கள். பொறியின் சூடு 80 டிகிரி செல்சியசை எட்டினால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகையால் பரணிலோ குளிர்பெட்டியின் முதுகுப்புறத்திலோ வைக்காமல் காற்றாடும் இடத்தில் வைத்து, ஒரு சிறு விசிறியும் பொருத்துங்கள். எழுதிக்கொண்டிருக்கும் தறுவாயில் மின்சாரம் அறுந்தால் அட்டையின் அடுக்கே குலைந்துபோகலாம். ரூட்டரையும் பொறியையும் ஒரே சிறு யு.பி.எஸ்ஸில் இணைப்பது சிக்கனமான காப்பு.

இவை எல்லாவற்றினும் பெரிய பகை, இனி எல்லாம் பத்திரம் என்னும் எண்ணம். வட்டு ஒன்றே இருக்குமாயின் அது பத்திரம் ஆகாது. எல்லா வட்டுகளும் ஒருநாள் நிற்கத்தான் போகின்றன. புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பிரபலமாக்கிய 3-2-1 என்னும் விதி உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில். வெளிமாநிலத் தமிழருக்கு அந்த வேறோர் இடத்தைத் தேட வேண்டியதில்லை. ஆண்டுதோறும் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோம் அல்லவா? மறைகுறியிட்டுப் பூட்டிய வட்டு ஒன்றை அக்காள் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு, சென்ற ஆண்டு வைத்ததை எடுத்து வந்து புதுப்பிக்கலாம். இரண்டாம் பிரதி எடுத்து, அதிலிருந்து ஒரு படத்தையாவது திறந்து பார்த்த பின்னரே கைப்பேசியில் உள்ள மூலத்தை அழிக்கவேண்டும். இதில் நான் பிடிவாதக்காரன்.

மற்றொன்றும் சொல்லவேண்டும். இத்தகைய ஏற்பாடுகளைப் பெரும்பாலும் வீட்டில் ஒருவரே செய்கிறார். கடவுச்சொல்லும் அவர் நெஞ்சிலேயே இருக்கிறது. அவர் படுக்கையில் விழுந்தாலோ மறைந்தாலோ அத்தனை படங்களும் குரல்களும் வட்டுக்குள் இருந்தும் இல்லாதவை ஆகிவிடும். பொறியின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல், பிரதிகள் இருக்கும் இடம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி, நகைகளும் பத்திரங்களும் இருக்கும் இடத்தில் வையுங்கள். வீட்டில் இன்னொருவர் அத்தாளைப் பார்த்து உள்ளே நுழைய இயலுகிறதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதித்துவிடுங்கள். மனைவியோ மகனோ உங்கள் உதவியின்றி ஒரு படத்தைத் திறந்து காட்டினால்தான் அந்தத் தாள் சரியாக எழுதப்பட்டதாகக் கருதலாம்.

மாற்றல் உத்தரவு வந்தால் என்ன செய்வது? எஸ்.எஸ்.எச். வழியாக நுழைந்து 'ஷட்டவுன்' கட்டளையைக் கொடுங்கள். பலகையில் விளக்கின் மினுமினுப்பு நின்று சில விநாடிகள் சென்ற பின் மின்கம்பியைப் பிடுங்குங்கள். வட்டைத் துணியில் சுற்றிக் கைப்பெட்டியில் எடுத்துச் செல்லுங்கள். லாரிச் சாமானோடு அனுப்பவேண்டாம். புதிய ஊரில் பொறிக்குப் புது வைஃபையை எவ்வாறு அறிமுகம் செய்வது, திரையில்லையே என்று கலங்குவோர் பலர். கம்பி வழியே ரூட்டரில் இணைத்தால் அக்கேள்வியே எழாது. கம்பிக்கு வசதி இல்லையெனில், புதிய ரூட்டருக்குப் பழைய வைஃபையின் பெயரையே, பழைய கடவுச்சொல்லையே, எழுத்துப் பிசகாமல் சூட்டிவிடுங்கள். மின்சாரம் கொடுத்ததும் பொறி, ஊர் மாறியதை அறியாமலே, பழகிய வீட்டில் இருப்பதுபோல் வேலையைத் தொடங்கிவிடும்.